மேற்கு வாசலுக்கு வாத்தியார் பெயர்

சோபா வாசலைத் தாண்ட மறுத்தது. உள்ளே வரும்போது மட்டும் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கொண்டுவந்த மனுஷனோ பின்னறையில் கண்மூடிப் படுத்திருந்தார். மாமா ஒரு பக்கத்தைத் தூக்கச் சொன்னார், பிறகு மறுபக்கத்தை, பிறகு "நிமிர்த்துங்க, நிமிர்த்துங்க" என்றார். மகள் மறுமுனையைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். கூடத்தில் அப்பாவின் சவப்பெட்டியை வைக்க இடம் வேண்டும்.

"கதவைக் கழட்டிட்டா என்ன?" என்றார் மாமா.

"கதவு என்ன பாவம் பண்ணுச்சு? சோபாவோட காலைத் திருகுங்க, வந்துடும்," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "அவர் அப்படித்தான் உள்ள கொண்டாந்தார்."

திருகினார்கள். கால்கள் கழன்றன. சோபா நடைபாதைக்குப் போனது. துக்கம் கேட்க வந்த இரண்டு பேர் நேரே அதிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு மகளின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேயர் காலையிலயே போன் பண்ணார். வர்றாராம். நாலு வார்த்தை பேசறாராம். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார், சந்தோஷப்படுவே. புது அரங்கத்துக்கு மேற்கு வாசல் ஒண்ணு வருதுல்ல, அதுக்கு உங்கப்பாவோட பேரு வைக்கறாங்களாம். 'வாத்தியார் வாசல்'. இன்னிக்கே இங்கேயே அறிவிக்கப் போறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவாங்க? ரொம்ப சந்தோஷம்னேன்."

எந்த அரங்கம் வரக்கூடாது என்று அப்பா இரண்டு வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தினாரோ, அதே அரங்கத்தின் வாசலில் அவர் பெயர்.

ஊரில் அப்பாவை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. மாநகராட்சி நீச்சல்குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேருடைய முதல் முழுக்கு அவர் கையில்தான் நடந்தது. ஓடு பெயர்ந்துவிட்டது, மோட்டார் போய்விட்டது, பழுது பார்க்கப் பணமில்லை என்று ஒருநாள் குளத்தை மூடி, 'தற்காலிகமாக' என்று பலகை மாட்டினார்கள். அந்தப் பலகை வெளுத்து எழுத்தே தெரியாமல் போன சமயத்தில்தான், நகரின் நட்டநடுவில், பழைய பேருந்து நிலையம் இருந்த இடத்தில், கூரை போட்ட பெரிய விளையாட்டரங்கம் வருவதாக அறிவிப்பு வந்தது. கட்டுவது ஊர்ப்பணத்தில். டிக்கெட் விற்றுக் கல்லாவை நிரப்பிக்கொள்வது ஒரு தனியார் அணியின் முதலாளி. குளத்துக்கு இல்லாத பணம் இதற்கு மட்டும் எந்தப் பானையில் இருந்தது என்று அப்பா கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேட்பதற்கு இடமும் இருந்தது. மாநகராட்சி மன்றம் கூடும் நாட்களில் பொதுமக்கள் யாரும் எழுந்து பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்ததும், "நேரம் முடிஞ்சதுங்க" என்று ஒரு குரல் வரும், மைக் செத்துவிடும். அந்தக் குரல் மகளுடையது. மன்றத்தின் ஒலிபெருக்கி மேசையில் அவளுக்கு எட்டு வருஷ வேலை.

அப்பா வந்து நின்றாலும் அதே மூன்று நிமிடம்தான். முதல் தடவை அவர் பேச்சின் நடுவில் மைக்கை அணைத்த அன்று அவள் வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். அப்பாதான் பேச்சை எடுத்தார். "நீ செஞ்சதுதான் சரி. எனக்கு நாலு நிமிஷம் விட்டேன்னு வை, நாளைக்கு அந்த முதலாளி வந்து அம்பது நிமிஷம் கேப்பான். நான்தான் சுருக்கமாப் பேசக் கத்துக்கணும்."

கத்துக்கொள்ளவும் செய்தார். மன்றம் கூடுகிற நாள் காலையில் சமையலறையில் நின்று பேசிப் பார்ப்பார். அம்மா கொதிக்கும் தண்ணீரில் அரைவேக்காட்டுக்கு முட்டை போடுவாள், சரியாக மூன்று நிமிடம். பேச்சு முடியும்போது முட்டையை எடுத்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஓர் ஏற்பாடு. "இன்னிக்கு உங்க பேச்சு ரொம்ப நீளம். முட்டை கல்லாப் போச்சு, நீங்களே தின்னுங்க" என்பாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த வீட்டில் அரங்கத்தின் மேல் யாருக்கு எவ்வளவு கோபமோ தெரியாது, முட்டையின் மேல் எல்லாருக்கும் வெறுப்பு வந்துவிட்டது.

அவரை விளையாட்டுக்கே எதிரி என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது மட்டும் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பத்தாயிரம் பேரு உக்காந்து பத்து பேரு ஓடறதைப் பாக்கறதுக்கா விளையாட்டுன்னு பேரு?" என்று மைக்கில் கேட்டார். "ஒரு குழந்தை தண்ணியில கையைக் காலை அடிக்குது பாருங்க, அதுதாங்க விளையாட்டு." மன்றத்தில் கைதட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் அணைத்தாள்.

நாளைக்கு மன்றத்தில் அந்த அரங்கத்துக்கு ஓட்டெடுப்பு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இரண்டு உறுப்பினர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அவர்களும் இன்று துக்கத்துக்கு வருகிறார்கள். வாத்தியாரே கடைசியில் மனசு மாறிவிட்டார் என்று அவருடைய பெட்டியின் பக்கத்தில் நின்று மேயர் சொல்லிவிட்டால், நாளைக்கு எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? அப்பாவுக்கும் இனி எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது.

அவள் சமையலறைக்குப் போனாள். அம்மா கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமா சொன்னாராம்மா?"

"சொன்னான்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு இடத்துல அவர் பேரு எழுதியிருந்தா நல்லாத்தான் இருக்கும்னு தோணுது. குளத்துல அத்தனை வருஷம் இருந்தார், ஒரு செங்கல்லுல கூட அவர் பேரு இல்ல. நான் அந்தப் பக்கம் போறப்ப அண்ணாந்து பாத்துக்குவேன்ல?" அடுத்த டம்ளரை எடுத்தாள். "அவர் இருந்தா திட்டுவார்னு தெரியும். திட்டறதுக்குத்தான் ஆள் இல்லையே."

மகள் அம்மாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் கோபப்பட முடியவில்லை. மாமாவிடமும் முடியவில்லை. மாமா கெட்டவர் இல்லை. பேருந்து நிலையம் போனபிறகு ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் சாப்பாட்டுக் கடை ஒன்று அவருக்கு அந்தத் தெருவில் இருந்தது. அரங்கம் வந்தால் கூட்டம் வரும் என்று அவரிடம் யாரோ நம்பிக்கையாகச் சொல்லியிருந்தார்கள்.

பெட்டி கூடத்துக்கு வந்தது. அப்பாவுக்கு நீலச் சட்டை போட்டிருந்தார்கள். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள் மார்பின் மேல் கிடந்தன. வீடு நிரம்பி, மாடிப்படி நிரம்பி, ஆட்கள் தெருவில் நின்றார்கள். பெட்டியை ஏற்றிச்செல்லும் வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. இன்னொரு சாவு வீட்டுக்கும் போகவேண்டிய வண்டி அது. ஓட்டுநர் அடிக்கடி எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்றார். "மேயர் பேசினதும் கிளம்பிடலாம்," என்று மாமா சமாதானம் சொன்னார்.

மேயர் வந்தார். யாரிடமும் பேசாமல் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது. அது நடிப்பில்லை என்று மகளுக்குத் தெரியும்.

"ஏழு வயசுல என்னைத் தண்ணியில இறக்கினவர் இவர்," என்று ஆரம்பித்தார். "மூணு மாசம் நான் சுவரை விடல. மத்த பசங்க அக்கரைக்கும் இக்கரைக்கும் போயிட்டு வருவாங்க, நான் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிப்பேன். வாத்தியார் ஒரு நாள் கூடத் தள்ளிவிடல. பக்கத்துல வந்து நிப்பார். 'தண்ணி உன்னைத் தாங்கும்டா, நீதான் நம்ப மாட்டேங்கறே'ம்பார். இன்னிக்கும் பெரிய முடிவு எதுவும் எடுக்கறப்ப அந்தக் குரல் எனக்குக் கேக்கும்."

பலர் அழுதார்கள். மகளும் அழுதாள். அதே குரலை அவளும் அதே குளத்தில் கேட்டிருக்கிறாள். இன்னும் ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது.

"எங்களுக்குள்ள கருத்து வேறுபாடு உண்டு, ஊருக்கே தெரியும்," மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் மன்றத்துக் குரலாக மாறியது. "ஆனா அவருக்கு இந்த ஊர் வளரணும், பிள்ளைங்க விளையாடணும், அவ்வளவுதான் ஆசை. நாம கட்டப்போற அரங்கமும் அதுக்குத்தான். அதனால அதோட மேற்கு வாசலுக்கு..."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓர் ஓரத்தில், இன்னும் வாயைத் திறக்காத உறுப்பினரான பல் டாக்டரம்மா தலையைச் சாய்த்துக் கவனித்தார்.

"...வாத்தியார் பேரை வைக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். அவருக்கும் இதுல மனக்குறை இல்லைன்னு எனக்குத் தெரியும். கடைசியா ஆஸ்பத்திரியில நான் போய்ப் பாத்தப்ப, என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னார்..."

அன்று கட்டிலின் மறுபக்கம் நின்றவள் மகள். அப்பாவின் வாயில் குழாய் இருந்தது. அதற்கு நாலு நாள் முன்பே பேச்சு நின்றுவிட்டது. கையைப் பிடித்தது நிஜம். யார் கையைக் கொடுத்தாலும் அப்படித்தான் பிடித்தார். மேயர் வேண்டுமென்றே பொய் சொல்கிறாரா, சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. எப்படியானாலும் அடுத்த வாக்கியம் வந்துவிட்டால் அது ஊரெல்லாம் போய்விடும். சாவு வீட்டில் மேயரைப் பொய்யர் என்று கத்த அவளால் முடியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

எழுந்து நின்றாள். "நேரம் முடிஞ்சதுங்க."

கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மன்றத்தில் சொல்வது போலவே சொன்னாள். மேயரின் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தக் குரலுக்கு எல்லாரும் நிற்பதை அத்தனை வருஷம் பார்த்துப் பழகியவர்.

"இது மன்றம் இல்லையேம்மா," என்றார் மேயர், மெதுவாகத்தான்.

"தெரியுங்க. ஆனா அப்பா முன்னாடி ஆளுக்கு மூணு நிமிஷம்தான். அவரே அதுக்கு மேல பேசினதில்ல."

உண்மையில் இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி இருந்தது. கடிகாரம் பார்க்காமலே அது அவளுக்குத் தெரியும். பெற்ற அப்பனுக்கு ஒரு நொடி கூட்டிக் கொடுக்காதவள், மேயரிடமிருந்து கொஞ்சம் திருடிவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் எரிந்து விழுந்திருப்பார். நாளைக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியவில்லை. ஆனாலும் உட்காரவில்லை.

மேயர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே அவள் நின்றது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினார்.

மாமா வாயெடுப்பதற்குள் அம்மா பேசினாள். "உக்காருங்க தம்பி. நல்லாத்தான் பேசினீங்க. அந்தப் பேரு விஷயம் மட்டும் வேண்டாம். விட்டுடுங்க." அப்புறம் கூட்டத்தைப் பார்த்தாள். தன் வீட்டில் பந்தி கவனிக்கிறவளைப் போல, "அடுத்து யாரு? வாங்க," என்றாள்.

மேயர் உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

யாரும் வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மீன் கடைக்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"எனக்குப் பேசல்லாம் வராது. நாப்பது வயசுல நான் இவர்கிட்ட நீச்சல் கத்துக்கிட்டேன். சிரிச்சாங்க எல்லாரும், இவர் சிரிக்கல. இப்ப என் பேத்திக்கு ஏழு வயசு ஆகுது. அவளைக் கூட்டிட்டுப் போக எனக்கு எடம் இல்ல." பெட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டு, "அவ்வளவுதான் வாத்தியாரே," என்று நகர்ந்தார்.

அடுத்து ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். வெள்ளத்தில் வண்டி கவிழ்ந்த அன்று தான் நீந்திக் கரையேறிய கதையைச் சொன்னார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு. யாரும் சொல்லாமலே சுவரோரமாக ஒரு வரிசை உண்டாகி, கதவைத் தாண்டி, படியிறங்கியது. பல் டாக்டரம்மா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்த மாமாவும் எழுந்து, மகளின் முகத்தைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

மகள் யாரையும் நிறுத்தவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கேட்டாள்.

வண்டி ஓட்டுநர் மறுபடி எட்டிப் பார்த்தார். "என்னங்க, மேயர் பேசியாச்சா? கிளம்பலாமா?"

வரிசையில் நின்ற மாமா திரும்பிப் பார்த்தார். படிக்குக் கீழே, நடைபாதையில், கால் கழட்டிப் போட்ட சோபாவையும் தாண்டி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இருப்பா," என்றார்.

ஓட்டுநர் தெருவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வண்டியின் உறுமல் நின்றது.