இடக்கையும் வலக்காலும்

உதயகலா வீட்டு விறாந்தையிலிருந்த ட்றெட்மில்லின் முன்பிடியை விடவே மாட்டேன் என்று நின்றாள். இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து நாலு மாதமாகிறது. இன்னும் கொக்குவில் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. இனி ஒன்றையும் பிடிக்காமல் நடக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குத் தன்பாட்டில் நடந்து போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. உடம்புதான் நம்ப மறுத்தது.

"பிடிச்சுக்கொண்டு நடந்தா பாரமெல்லாம் கைக்குப் போயிடும். கால் பழகாது," என்றார் கணவர் குகதாசன். நாற்பது வருடம் தோட்டக் கிணறுகளில் வோட்டர் பம்ப் திருத்தியவர். எதையும் விளக்காமல் விடமாட்டார். "வலக்கால் முன்னுக்கு வரேக்கை இடுப்பு இடப்பக்கம் திரும்பும். அந்த நேரம் இடக்கை முன்னுக்கு வந்தா தோள் மற்றப்பக்கம் திரும்பும். ஒண்டை ஒண்டு சமன் செய்யும்."

"நான் என்ன உங்கடை வோட்டர் பம்பே?"

"பம்ப் இவ்வளவு வாய் காட்டாது."

சிரித்துக்கொண்டே பிடியை விட்டாள். எந்தக் கை, எந்தக் கால் என்று யோசித்ததில் வலக்காலோடு வலக்கையும் போனது. உடம்பு ஒருபக்கம் சாய, மறுபடி பிடியைப் பற்றினாள்.

"எனக்கு நடை மறந்துபோச்சுது," என்றாள்.

குகதாசன் குசினிக்குப் போய், கூட்டுகிற தும்புத்தடிகள் இரண்டைத் தும்புத் தலை கழற்றி வெறும் தடிகளாகக் கொண்டுவந்தார். அவளுக்குப் பின்னால் நின்று, தடிகளின் முன்நுனிகளை அவளுடைய இரு கைகளிலும் கொடுத்து, பின்நுனிகளைத் தான் பிடித்துக்கொண்டார்.

"முழங்கையை மடிச்சு, நேரை பாரும். கையை நான் ஆட்டுறன்."

தடிகள் மாறி மாறி முன்னுக்கும் பின்னுக்கும் போயின. அவளுடைய கைகளும் கூடப்போயின. ஐந்து நிமிடம் கழிய, வலக்காலோடு வலக்கைத் தடியும் வந்து நடை இடறியது. சட்டென்று இரண்டு தடிகளையும் வெட்டி இழுத்துச் சரிசெய்தாள்.

"இஞ்சாருங்கோ, பிழையா ஆட்டுறியள்!"

"ஓமப்பா, கை உளைஞ்சுபோச்சு. நீர் திரும்பிப் பாக்காமல் எப்பிடிக் கண்டனீர்?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். இப்போது தடிகளை அவள்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் சும்மா பிடித்திருந்தார்.

"இனித் தடி வேண்டாம், எடுங்கோ," என்றாள் மெதுவாக.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில் அவள் முன்னால் நடந்தாள். விழுந்தால் தாங்குவதற்கு இரண்டு கைகளையும் நீட்டியபடி அவர் பின்னால் வந்தார்.

"சனம் பாக்குது. பக்கத்திலை வாங்கோ."

வந்தார். கைவீசி நடக்கையில் இருவரின் புறங்கைகளும் உரசின. கோயில் வரைக்கும் ஒருவரும் விலகவில்லை.