நார்மல் எலியின் படம்

"இதுல நார்மல் குரூப் எதும்மா?" என்று கேட்டார் சபீனா, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தாட்சாயிணிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. சபீனா நேற்று முளைத்தவர் அல்ல. கால்நடை நோய்க்குறியியல் படித்து, கள்ளிக்குப்பத்தில் சொந்தமாக லேப் வைத்து, இருபது வருடமாக நாய் முதல் எருமை வரை எல்லாவற்றின் உள்ளுறுப்புகளையும் பார்த்தவர். எது எந்தக் குழு என்று தெரியாமலிருக்க, முப்பது ஸ்லைடுகளிலும் வெறும் நம்பர்தான் ஒட்டியிருந்தது. மற்றது தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆரோக்கியமான எலியின் நுரையீரலை மட்டும் கண்டதும் சொல்லிவிட வேண்டும். அது ஆப்பத்தின் ஓரம் போல மெல்லிசாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

"மூணு, ஏழு, பன்னெண்டு, பதினாறு, இருபது, இருபத்தொன்பது" என்றாள் தாட்சாயிணி.

சபீனா அந்த ஆறையும் பொறுக்கியெடுத்து மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "நீயே பாரு" என்றார். தாட்சாயிணி பார்த்தாள். காற்றுக் குழாய்களைச் சுற்றி ஊதா நிறத்தில் அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. ஆறிலும் அப்படித்தான்.

"எதுவுமே குடுக்காத எலிக்கு ஏன் மூச்சுக்குழல் புண்ணாகியிருக்கு? கூண்டு மாத்திட்டியா?"

"இல்ல மேடம். என் கையால மார்க் பண்ணேன். என் கையாலதான் கொன்னேன்."

ஆராய்ச்சி என்னவோ எளிமையானதுதான். பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து நுரையீரலைக் கெடுக்கும். அதை நான்கு குழு எலிகளுக்குக் கொடுத்து, அவற்றில் இரண்டுக்கு ஆடாதோடை இலைச் சாறும், ஒன்றுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்தும் கொடுத்துப் பார்ப்பது. ஐந்தாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. அதுதான் நார்மல். மற்ற நான்கையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க முடியும். அதுவே கெட்டுக் கிடந்தால், ஆடாதோடை காப்பாற்றியதா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்த எளிமையான ஆராய்ச்சிக்கு ஏழு வருடம் போயிருந்தது. எலிகளை வைத்துச் சோதிக்க அனுமதி தருகிற எத்திக்ஸ் கமிட்டி இரண்டு வருடம் கூடவே இல்லை. அடுத்த இரண்டு வருடம் கொரோனா. அதற்கப்புறம் கோடையில் ஏசி படுத்துக்கொண்டதில் ஒரு தொகுதி எலிகள் மொத்தமாகச் செத்தன. பிஎச்.டி. பதிவை இரண்டு முறை நீட்டித்தாயிற்று, டிசம்பரோடு அதுவும் முடிகிறது. மாதவரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பேசி வைத்திருக்கிறார்கள். தீசிஸைச் சமர்ப்பித்துவிட்டு ஜனவரியில் சேர வேண்டும். இதையெல்லாம் நினைக்க நினைக்க அவளுக்கு மண்டை காய்ந்தது. அந்த ஆறு எலிகள் மீதே கோபம் வந்தது. உங்களை யார் என்ன செய்தார்கள், சும்மாதானே இருந்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

ஒரு வாரம் துருவினாள். எலித் தீனி மூட்டையின் பில்லைப் பார்த்தாள். கூண்டில் பரப்பும் உமி எந்த மில்லிலிருந்து வருகிறது என்று விசாரித்தாள். எலி விற்றவனுக்கு ஃபோன் போட்டு, அவன் வாயில் விழுந்தாள். எங்கும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் விலங்கறையின் பதிவேட்டையே முதலிலிருந்து பார்ப்பது என்று, ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் திருமுல்லைவாயிலில் கிளம்பி, ஆவடி வந்து பூந்தமல்லி பஸ் பிடித்து, ஏழு மணிக்கெல்லாம் நசரத்பேட்டைக்கு அருகிலிருந்த கல்லூரியில் போய் நின்றாள்.

விலங்கறைக் கதவைத் திறந்தால் உள்ளே எதுவும் தெரியவில்லை. அறை முழுக்கப் புகை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. புகைக்குள்ளிருந்து பஞ்சவர்ணம் தூபக்காலோடு வெளிப்பட்டாள். பதினாறு வருடமாக அங்கே கூண்டு கழுவி, தீனி போட்டு வருபவள். ஒரு கூண்டுகூட விடாமல் ஒவ்வொன்றின் முன்னும் தூபக்காலை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"இன்னாம்மா, காலங்காத்தால வந்துகீற?"

"அக்கா, என்னக்கா இது?"

"வெள்ளிக்கெயம ஆச்சே. சாம்ராணி."

"எலி ரூம்லயா?"

"இம்மாம் உசுரு சாவுற எடம்மா இது. ஒரு பொகை கூடக் காட்டாம நான் எப்டி உள்ளாற வந்து போய்க்கினு இருக்கறது? நாத்தமும் அடங்கிப் பூடும்."

"எவ்ளோ நாளா போடறீங்க?"

"நான் வந்த நாளா. வாட ஆபீஸ் ரூமு வரிக்கும் அடிக்குதுன்னு ஜானகிராமன் சார்தான் இந்தத் தூபக்கால வாங்கியாந்து குட்தாரு. ஃபேனு ஓடுனா பொகை நிக்காது, அரை மணி நேரம் நிறுத்திரணும். நீ வெள்ளிக்கெயம வர்றதே பத்து மணிக்கு. உனக்கு இன்னா தெரியும்?"

பஞ்சவர்ணம் சொன்னதில் பொய்யில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விலங்கறையில் வாடை குறைவாக இருப்பதை எலிகளை வைத்திருந்த நான்கு வாரமும் தாட்சாயிணியே கவனித்திருந்தாள். சுகமாக இருக்கிறது என்றுகூட நினைத்திருந்தாள். நுரையீரலை ஆராய வந்தவளுக்கு மூக்கு இருந்து என்ன பிரயோஜனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவளுடைய கைடு ஜானகிராமன் பத்தரைக்கு வந்தார். முழுவதையும் கேட்டார். சத்தம் போடவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை.

"ஆமாம்மா, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அப்போ பிரின்சிபால் தினம் சத்தம் போடுவார். இது தோணவே இல்லை."

"முப்பது எலியும் புகை குடிச்சிருக்கு சார். மொத்தமும் திரும்பப் பண்ணணும்."

"டிசம்பருக்குள்ள எங்கேருந்து பண்ணுவே? கமிட்டி கூடவே மூணு மாசம் ஆகும்." பேனாவை மூடி வைத்தார். "நார்மலுக்கு ஒரு படம்தானே வேணும்? ஜஸ்டின் தீசிஸ்ல நல்ல படம் இருக்கு. அதைப் போடு. நார்மல் எலி யார் வளர்த்த எலியா இருந்தா என்னம்மா?"

இந்த இடத்தில் அவள் கொதித்து எழுந்தாள் என்று சொல்ல ஆசைதான். எழவில்லை. "சரி சார்" என்றாள். ஏழு வருடம் ஒருத்தியை அப்படி ஆக்கிவிடும். வராந்தாவுக்கு வந்தபோது அவளுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

ஜஸ்டின் அவளுக்கு மூன்று வருடம் சீனியர், இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் ஸ்லைடையும் வாங்கி வைத்துக்கொண்டால் தேர்வாளர் கேட்டால் காட்டலாமே என்று அவனுக்கு ஃபோன் செய்தாள்.

"நார்மல் ஸ்லைடா?" என்று சிரித்தான் ஜஸ்டின். "ஏது? எனக்கும் சரியா வரல தாட்சா. விஷால் அண்ணன் தீசிஸ்ல இருந்து போட்டோ எடுத்துக்கச் சொன்னாரு சார். திருப்பிப் போட்டேன், யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் நேராக நூலகத்துக்குப் போனாள். ஜானகிராமனின் மாணவர்கள் எல்லோருமே நுரையீரல்தான். மூன்று தீசிஸும் ஒரே அலமாரியில் இருந்தன. மேசையில் விரித்து வைத்துப் பார்த்தாள். ஜஸ்டினுடைய படத்தில் மேலே வலது மூலையில், வெட்டும்போது திசு மடங்கிய ஒரு சின்னக் கோடு. விஷாலுடையதில் அதே கோடு கீழே இடது மூலையில். அதற்கும் முந்தைய நிவேதிதாவின் தீசிஸிலும் அதே மூலையில், கொஞ்சம் வெளிறிய நிறத்தில். மூன்றிலும் ஒரே நுரையீரல்.

அலமாரியின் கீழ்த்தட்டில் நான்காவதாக ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜானகிராமன் இதே கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய சொந்தத் தீசிஸ். அதிலும் அந்தக் கோடு. படம் மட்டும் பெரியது. ஃபோன் கேமராவை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். நிறமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. அச்சடித்த பக்கத்தை ஸ்கேன் செய்தால் அப்படித்தான் பிரியும். மூலையில் பாதி வெட்டுப்பட்ட ஓர் எழுத்தும் இருந்தது. ஏதோ பாடப்புத்தகத்திலிருந்து வெட்டியெடுத்த படம். இந்தக் கல்லூரி விலங்கறையில் வளர்ந்த எந்த எலியும் அந்த நுரையீரலோடு மூச்சு விட்டதில்லை.

குழுக் குழுவாக எலிகளைக் கொன்று, இலை இலையாகச் சாறு பிழிந்து, மஞ்சள் கரிசாலை காப்பாற்றியது, தூதுவளை காப்பாற்றியது என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். எதோடு ஒப்பிட்டுக் காப்பாற்றியதாம்? ஐந்தாவது ஆளாக அவளும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை நான்கு தீசிஸையும் அந்தந்தப் பக்கத்தில் விரித்து ஜானகிராமனின் மேசையில் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு கடிதம். விலங்கறையில் வாரம் ஒருமுறை புகை போடப்பட்டதால் இந்த ஆய்வின் முடிவுகள் செல்லாது, புகையில்லாத அறையில் முப்பது எலிகளோடு மறுபடி செய்ய அனுமதி வேண்டும் என்று எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதியது. கைடு கையெழுத்தில்லாமல் அது நகராது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு படங்களையும் பார்த்தார். தன்னுடையதைப் பார்க்க மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் அப்போ நார்மல் வரலைம்மா" என்றார். "என் ஸ்டெயினிங்ல, சாயம் ஏத்தினதுல ஏதோ தப்புன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க சார். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"டிசம்பர்ல ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும். முதல்லேருந்து பதியணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"மாதவரம் வேலை?"

"போச்சு சார்."

அவர் மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார், மனசு மாறுகிறாளா என்று. பிறகு கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டும் காகிதத்தைக் கொடுக்கவில்லை.

"புது எலிங்களோட நார்மல் ஸ்லைடு வந்தா, எனக்கும் ஒரு தடவை காட்டும்மா" என்றார். "புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன்."

வேறு ஒருவர் இதைச் சொல்லக் கேட்டிருந்தால் அவளுக்குப் பாவமாக இருந்திருக்கும். பன்னிரண்டு வருடமாக நுரையீரலைப் பற்றிப் பாடம் எடுக்கிற மனிதர். அவள் மனதில் இரக்கம் என்ற ஒன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி முப்பது எலிகளைக் கழுத்தைத் திருகிக் கொல்ல வேண்டியது அவளுடைய கை.

"தேதி போடலை சார்" என்றாள்.