சந்தனம் வைத்த விமானம்

கேள்வி கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவசரத்தில் இருக்கும்போது கேட்டால் பற்றிக்கொண்டு வரும். 1959இல் கன்னிவாடி ஜக்கம்மாளிடம் மாட்டிக்கொண்டதை என் கெட்ட நேரம் என்றுதான் நினைத்தேன்.

திண்டுக்கல் பஸ் பட்டறையில் ஸ்பேனர் பிடித்த நான், ஐந்து வருஷம் அல்லாடி விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியிருந்தேன். வேலைதான் இல்லை. கடைசியில் சென்னையில் ஒரு ஏஜெண்டு கிடைத்தார்.

"கோயமுத்தூர் மில் முதலாளி வாங்குன பிளேன் இது. கீறல் இல்லாம கொண்டுபோய் விட்டா, இனிமே நான் விக்கிற பிளேன் எல்லாம் நீதான் கொண்டுபோவே, கிறிஸ்துராஜ். கீறல் விழுந்துச்சு, நேரா உன் பட்டறைக்கே போயிடு" என்றார்.

பழனிப் பக்கம் மழை கறுத்து வழியை மறித்தது. ஆயுதபூஜை அன்று மத்தியானம், ஜக்கம்மாளின் தரிசுக் காட்டில் இறக்கினேன். திண்டுக்கல் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வர இருட்டிவிட்டது. காலையில் பார்த்தால், ஏர், மாட்டுவண்டியோடு என் விமானத்துக்கும் ஜக்கம்மாள் பூஜை போட்டிருக்கிறார். மூக்கு, சக்கரம், வால், இறக்கை என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சந்தனம், குங்குமம். லட்சணமாகத்தான் இருந்தது.

நான் சுற்றிவந்து சரிபார்க்க, அவரும் பின்னாலேயே வந்தார்.

"இது ஓம் பிளேனா தம்பி?"

"இல்லக்கா. வாங்குனவுகட்ட கொண்டுபோயி விடுறதுதான் எஞ்சோலி."

"விட்டுட்டு எப்படித் திரும்பி வருவ?"

"பஸ்ல."

"பறந்து போயி பஸ்ல வாரதா! இதென்ன கூத்து! சரி, எறக்கைக்குக் கீழ..."

"அக்கா, செத்த நேரம் சும்மா இருக்கீகளா? நேத்தே போயிருக்கணும் நான்."

முகம் சுண்டிப்போய் ஒதுங்கினார். மிச்சத்தைச் சரிபார்க்காமலேயே ஏறி உட்கார்ந்தேன்.

காட்டின் கடைசியில் கிணறு. பாதி தூரத்தில், ஓரமாக ஒரு வேப்பமரம். மரத்தை எட்டுவதற்குள் வேகம் காட்டும் முள் நாற்பதைத் தொட வேண்டும், இல்லையென்றால் மேலே எழும்பாது. மரம் வந்துவிட்டது. முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. போச்சு, பட்டறைதான்! இஞ்சினை அடக்கிப் பிரேக்கை மிதித்தேன். கிணற்று மேட்டுக்கு நாலடி முன்னால் போய் நின்றது.

ஜக்கம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"முள்ளு அசையலக்கா. எறக்கைக்குக் கீழ ஒரு குழாய் இருக்கு. அதுக்குள்ள காத்துப் புகுந்தாத்தான் வேகம் காட்டும்."

"ஆத்தாடி! பொட்டு வைக்கயில அந்த ஓட்டைக்குள்ள சந்தனம் போயிருச்சே! அதத்தானே கேக்க வந்தேன். நீ எங்க கேக்க விட்ட?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விளக்குமாற்று ஈர்க்கால் இருவருமாக நோண்டி எடுத்தோம். அப்புறம் ஒவ்வொரு பொட்டாக அவரையே காட்டச் சொல்லி, முதலிலிருந்து சரிபார்த்தேன்.

கோயமுத்தூரில் கீறல் இல்லாமல் இறக்கினேன். முதலாளி சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாளே ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்தது. அடுத்த விமானம் பெங்களூருக்கு.

ஊருக்குத் திரும்பும் வழியில் கன்னிவாடி விலக்கில் இறங்கி, காட்டுக்கு நடந்தேன். ஜக்கம்மாள் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்தேன்.

"அக்கா, மிச்சத்தையும் கேளுங்க."

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நெசமாவே பஸ்லதான் வந்தியா?" என்று ஆரம்பித்தார்.