மடுவில் எறிந்த கல்

"தண்ணி சூடா இருந்தா என்னம்மா, மீனுக்குக் காய்ச்சலா வந்துடும்?" என்று போனில் கேட்டார் ஒருவர்.

"ஆமா, வரும். செத்தும் போகும்" என்றேன்.

அவர் விடுவதாக இல்லை. லீவு போட்டுவிட்டு மலை ஏறி வந்ததே டிரௌட் மீன் பிடிக்கத்தானாம். ஆற்றில் இறங்காதே என்று சொல்ல நான் யாராம். நான் யார் என்றால், ஆற்றோரத்தில் தூண்டில் கடை வைத்திருப்பவள். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, மீன் ஏமாறுகிற மாதிரி பூச்சி கட்டி விற்பவள். ஆறும் மேலே இருக்கிற ஏரியும் இன்றைக்கு எப்படி என்று தினமும் காலையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்பவளும் நான்தான். என் வீட்டுக்காரர் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறவர்.

இந்தக் கோடையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஆறு வற்றிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. ஏரி மீனெல்லாம் குளிர்ச்சியைத் தேடி அடியாழத்துக்குப் போய்விட்டது. டிரௌட்டுக்குச் சூடு ஆகாது. தண்ணீர் இருபது டிகிரிக்குப் போனால் அதற்கு மூச்சு முட்டும். அந்த நேரத்தில் தூண்டிலில் இழுத்துக் களைக்க வைத்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விட்டால், வாலை ஆட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போய், அடுத்த பாறைக்குப் பின்னால் மல்லாந்துவிடும். என் வீட்டுக்காரர் கழுத்தில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். அது இருபதைக் காட்டினால், எப்பேர்ப்பட்ட பெரிய மனிதராக இருந்தாலும் தூண்டிலை மடக்கச் சொல்லிவிடுவார். நான் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் நானே கட்டிய ஈ.

இன்று காலை மட்டும் ஆற்றுக்குப் போயிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மலை முகட்டில் இடி இடித்தது. "மேல மழை பெஞ்சிருக்கும் பாரு, தண்ணி குளிர்ந்திருக்கும்" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். பழைய வாடிக்கைக்காரரான பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு டாக்டரின் காரிலேயே கிளம்பினார். டாக்டர் எந்தப் பல்லையும் சுலபமாகப் பிடுங்கிவிடுவார், மீனைத்தான் இதுவரை ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. முழங்கால் வலி வேறு. "மடு வரைக்கும் போய்த் தண்ணியத் தொட்டுப் பாக்குறோம். சூடா இருந்தா திரும்பிடுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மடு என்பது கீழ் வளைவில் பாறைகளுக்கு நடுவே ஆழமாகக் கிடக்கும் இடம். கோடையில் மீன் ஒதுங்குவது அங்கேதான். அங்கே யாராவது கல்லெறிந்தால் என் வீட்டுக்காரர் மனிதராக இருக்கமாட்டார். போன வருடம் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தார். மடுவில் யாரோ கல்லெறிந்து விளையாடுகிறார்களாம் என்று நான் வாசலில் யாரிடமோ சொன்னேன். அது காதில் விழுந்து, போர்வையோடு எழுந்து போய் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். மாத்திரை செய்யாததை அந்தக் கல் செய்தது.

போன் ஆசாமியை ஒருவழியாகத் துரத்திவிட்டு ரிசீவரை வைத்தேன். வைத்த கையோடு மறுபடியும் அடித்தது.

"இன்னும் என்னய்யா?"

"தங்கச்சி, நான்தான்." மேல் ஏரி அணையில் மதகு திறக்கிறவர். நாங்கள் மதகு அண்ணன் என்று கூப்பிடுவோம். "எவ்வளவு நேரமா அடிக்கிறேன், லைனே கிடைக்கல. தண்ணி விடுறோம்."

"இந்த வருஷம் ஒரு சொட்டும் விடமாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். எங்கேயோ பவர் ஹவுஸ்ல மெஷின் நின்னு போச்சாம். உடனே விடுன்னு மேலேருந்து உத்தரவு. அடி மதக அப்பவே கொஞ்சமா தொறந்தாச்சு. இப்ப பெரிய கதவு தொறக்குது. ஆத்துல நம்ம ஆளுங்க யாரும் இல்லையே?"

"இருக்காங்கண்ணே" என்று ரிசீவரைப் போட்டேன். பெரிய கதவுக்கு முன்னால் அடி மதகைக் கொஞ்சமாகத் திறப்பது ஓர் எச்சரிக்கை. ஆறு ஒரு விரல்கடைதான் உயரும். கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து ஏறிவிட வேண்டும். ஆனால் அணையின் அடியில் கிடக்கும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாதா? தெர்மாமீட்டர் இறங்குவதைப் பார்த்திருப்பார். நேற்றைய இடியை நினைத்திருப்பார். கோடை முழுக்க ஏங்கிய குளிர்ச்சி வந்துவிட்டது என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் உள்ளே போயிருப்பார்.

அணைச் சங்கின் சத்தம் அந்தப் பள்ளத்தாக்குக்குள் கேட்காது. மொபைலும் அங்கே எடுக்காது. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஆற்றைத்தான் பார்த்தேன், சாலையைப் பார்க்கவில்லை. இந்த மனிதர் இல்லாமல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவரிடம் ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை.

நினைத்தபடியே இருந்தது. இரண்டு பேரும் எதிர்க்கரைப் பக்கம், மடுவை ஒட்டிய பாறைத் திட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். தெர்மாமீட்டரைத் தூக்கிக் காட்டினார். பத்து விரலைக் காட்டி, மறுபடி இரண்டு விரலைக் காட்டினார். பன்னிரண்டு டிகிரியாம்.

"வெளிய வாங்க! தண்ணி வருது!"

ஆற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளாலும் வா வா என்று அழைத்தேன். அவர் உதட்டின் மேல் விரலை வைத்து, சத்தம் போடாதே, மீன் இரை எடுக்கிறது என்று சைகை காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நானே கொன்றிருப்பேன்.

நான் வந்தபோது காய்ந்திருந்த ஒரு வெள்ளைக் கல் இப்போது நனைந்திருந்தது. இறங்கி நடந்து அவரிடம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். மடுவின் நடுவில் எறிந்தேன்.

அவர் சிரிப்பு நின்றது. இன்னொன்று எறிந்தேன். அடுத்ததை இரண்டு கைகளாலும் தூக்கிப் போட்டேன். மடுவே கலங்கியது. அவர் தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். கூட்டி வந்தவரைத் தண்ணீரில் தனியாக விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை, அதனால் டாக்டரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். வாய் அசைந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்றாலும் ஒவ்வொரு வசவும் எனக்குத் தெரிந்தது. நிறுத்தினால் திரும்பிவிடுவாரோ என்று நான் எறிந்துகொண்டே இருந்தேன்.

பாதி தூரத்தில் அவர் நின்றார். முழங்காலுக்கு இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. மேலிருந்து சருகும் சுள்ளியும் செம்மண் நிறமும் வந்தன. அவர் ஆற்றின் மேல்பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை.

அப்போதுதான் டாக்டரின் முழங்கால் மடிந்தது. என் வீட்டுக்காரர் தூண்டிலை விட்டுவிட்டு, அவரைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, என் பக்கம் தள்ளினார். நான் மார்பளவு தண்ணீரில் இறங்கி டாக்டரின் கையைப் பிடித்தேன். எப்படியோ கரைக்கு இழுத்துப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் நின்ற இடத்தில் அவருடைய தொப்பிதான் சுழன்றுகொண்டிருந்தது.

கரையோடு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. வளைவுக்குக் கீழே ஒரு மரம் ஆற்றில் சாய்ந்து கிடக்கும். அதன் கிளையில் அவருடைய மேல்கோட்டு மாட்டியிருந்தது, முகம் தண்ணீருக்குள் இருந்தது. கிளையைப் பிடித்துக்கொண்டு போய் அவர் தலையைத் தூக்கினேன். டாக்டர் நொண்டிக்கொண்டே வந்து, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தார்.

அவருடைய உதடு நீலமாக இருந்தது. டாக்டர் அவர் தலையைச் சாய்த்து வாயில் ஊதினார், நெஞ்சை அழுத்தினார்.

"டாக்டர், உங்களுக்கு இது தெரியுமா?"

"பல்லுக்கு முன்னாடி இதத்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க. பேசாதீங்க."

பேசாமல் எப்படி இருப்பேன்? "ஏங்க, எந்திரிங்க. நான்தான் எறிஞ்சேன். வந்து திட்டுங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை திட்டுங்க" என்று கெஞ்சினேன். இமைகூட அசையவில்லை. டாக்டர் அழுத்திக்கொண்டே இருந்தார். டாக்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எழுந்து ஒரு கல்லை எடுத்தேன். "இதோ பாருங்க, எறியறேன். உங்க ஆத்துலதான் எறியறேன். என்ன பண்ணுவீங்க?" என்று கத்திக்கொண்டு எறிந்தேன். பெருகி வந்த வெள்ளம் சத்தமே இல்லாமல் அதை விழுங்கியது. இன்னொன்று எறிந்தேன். இன்னொன்று. மண்ணைத் தோண்டித் தோண்டி, நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. "வேண்டாம்மா, இங்க வந்து உக்காருங்க" என்றார் டாக்டர். நான் கேட்கவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தேன்.

முதுகுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அது டாக்டருடையதாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அடுத்த கல்லை ஓங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். தண்ணீர் தண்ணீராகக் கக்குகிற சத்தம் வந்தது. பிறகு தொண்டையைக் கீறிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"கல்லக்... கீழ போடுடி."

போட்டேன்.