சுத்தம் பண்ணி வையுங்க, மாமா

என் வாயைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் போனில், "நான் வந்து விலை பாக்கறேன், அதுக்குள்ள சைக்கிளையெல்லாம் சுத்தம் பண்ணி வையுங்க மாமா" என்று சொன்னது நான்தான்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். பழைய ரேஸ் சைக்கிள் என்றால் மனுஷனுக்கு உயிர். வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர், நாற்பது வருஷப் பழசு. கண்ணில் பட்டால் போதும், வாங்கிவிடுவார். உசத்தி ரகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அந்தக் காலத்து மலிவுச் சரக்கு. அப்படி ஒன்பது சைக்கிளைத் தோளில் தூக்கி நாலாவது மாடிக்கு ஏற்றியவர், இடுப்பு முறிந்தபின் அந்த மாடியை விட்டு இறங்கவில்லை. லிப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிப் போவார்கள். மற்றபடி எட்டு மாதமாக ஜன்னல்தான்.

எதிர்த் தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. ஒன்பதையும் விற்றால் அதற்கு முன்பணம் தேறும் என்று சொன்னதும் இதே வாய்தான். பழைய சைக்கிள் கடையில் பதினைந்து வருஷமாக விலை போடுகிறவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? என் கையில் காசு இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை.

அக்கா கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது.

கூடத்தில் ஒன்பதும் வரிசையாக நின்றன. பளபளவென்று ஒரே நீலம். செயினைக்கூட விட்டுவைக்கவில்லை.

"எப்படி?" மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நகமெல்லாம் நீலம். "மூணு வாரம், மாப்ளே! பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, ஸ்டிக்கரையெல்லாம் பிச்சு எறிஞ்சு, கடையிலேருந்து இப்பதான் இறக்கின மாதிரி இல்ல?"

எங்கள் கடையில் சுத்தம் என்றால் ஈரத்துணியால் துடைப்பது. கீறல் இருக்கட்டும், துரு இருக்கட்டும், பழைய பெயிண்டிலும் ஸ்டிக்கரிலும் கை வைக்கக் கூடாது. உசத்தியான சைக்கிளுக்கு எதைப் பூசினாலும் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பிரேம் குழாயே விலையைக் காப்பாற்றிவிடும். மலிவு சைக்கிளுக்கு அந்த ஸ்டிக்கர்தான் சொத்து. சின்ன வயசில் தான் ஓட்டிய அதே மஞ்சள், அதே கோடு என்று தேடி வருகிறவன்தான் காசை அவிழ்ப்பான். பதினைந்து வருஷம் ஒரே கடையில் பேசிப் பேசி, ஊருக்கெல்லாம் அதுதான் அர்த்தம் என்று நினைத்துவிட்டேன், மடையன்.

ஆனாலும் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தேன். ரிம்மில் காந்தம் வைத்தேன். ஒட்டியது, மலிவு இரும்பு. சீட் கம்பியைத் திருகினேன். இரண்டில் அசையவே இல்லை, குழாய்க்குள் இறுகிப் போயிருந்தது. ஏழாவதில் மட்டும் காந்தம் ஒட்டவில்லை, கொஞ்சம் விலை போகிற அலுமினியம். அதன்மேலும் நீலம் பூசியிருந்தார், பிரேக் கட்டை பிடிக்கிற இடம் வரைக்கும்.

"என்ன மாப்ளே, மலைச்சுப் போயிட்டியா?"

"ஆமா மாமா."

"எனக்கு ஒண்ணும் பெரிய ஆசை இல்ல. தெருவுல கால் வைக்கணும், அவ்வளவுதான்."

அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள். "எவ்வளவுடா தேறும்? அந்த எதிர்த் தெரு வீட்டு ஓனர் இன்னிக்கே பதில் கேக்கறார்."

"சுத்தமா ஒண்ணும் தேறாதுக்கா. எடைக்குப் போட்டா வேன் வாடகைக்குக் காணும்." சொன்ன பிறகுதான் அந்த 'சுத்தமா' என் காதில் விழுந்தது.

அவள் குழாயைத் திறந்துவிட்டாள், மாமாவுக்குக் கேட்காமல் இருக்க. "நீதானேடா சுத்தம் பண்ணச் சொன்னே?"

"நான்தான்."

திட்டியிருந்தால் தேவலை. பாத்திரத்தில் தண்ணீர் நிறைந்து வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர்கிட்ட மூச்சு விடாதே. இந்த மூணு வாரம்தான் மனுஷன் சிரிச்சார். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு."

"வீடு?"

"யாரோ முந்திக்கிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்." குழாயை மூடினாள்.

கடையில் விற்றுத் தருவதாக மாமாவிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு இறக்கினேன். ஒன்பது தடவை, நாலு மாடி. போகும்போதெல்லாம் மாமா ஒவ்வொரு சைக்கிளையும் தட்டிக் கொடுத்து அனுப்பினார். கடைசி சைக்கிளை வேனில் ஏற்றும்போது கை வழுக்கி ஹேண்டில் கதவில் இடித்தது.

மேலே ஜன்னலிலிருந்து கத்தினார். "டேய், பாத்துடா! பெயிண்ட் உரசிடப் போகுது!"

"சரி மாமா" என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சட்டையைக் கழற்றி, எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் உரசாமல் இருக்கச் சொருகினேன்.