கதவுக்குள் கிடந்த பூ

"எவனோ கல்லை விட்டெறிஞ்சிட்டான் மாஸ்டர்" என்றார் வில்மர், என் பட்டறை வாசலில் காரை நிறுத்தி, நொறுங்கிய கதவுக் கண்ணாடியைக் காட்டி. பொலிவியாவின் எல் ஆல்ட்டோ நகரத்திலேயே இரண்டு கதவுக் கூபே கார் தன்னிடம்தான் இருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. கண்ணாடியைச் சுற்றிச் சட்டமில்லாத கதவு அது. சாத்தியதும் கண்ணாடி தானாகவே ஒரு விரல்கடை மேலேறிக் கூரை ரப்பரில் பொருந்தும்.

கதவின் உள்பலகையைக் கழற்றினேன். சில்லுகளுக்கிடையே கல் எதுவும் இல்லை. வண்ணக் காகிதத் துணுக்குகளும், நசுங்கிய பூக்களோடு ஒரு மாலைக் கம்பியும் கிடந்தன. கோப்பகபானா மாதா கோயிலில் காருக்கு ஆசீர்வாதம் வாங்கிய கையோடு, மாலைக் கம்பியைக் கண்ணாடி விளிம்புக்கு மேலாக ஜன்னல் வழியே கட்டிக் கதவை அறைந்து சாத்தியிருக்கிறார்; மேலேறிய கண்ணாடி கம்பியில் முட்டி நொறுங்கியிருக்கிறது.

புதுக் கண்ணாடியைப் பொருத்தி, ஏற்றி இறக்கிப் பார்த்தேன். வில்மர் பையிலிருந்து இன்னொரு மாலையை எடுத்தார்.

"புதுக் கண்ணாடியாச்சே. இதை எங்க கட்டலாம் மாஸ்டர்?"

"கல்லெறிஞ்சவன் கழுத்துல கட்டுங்க."