என்மீது பழகிய ஜெர்மன்

ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போன எலக்ட்ரீஷியனுக்கு வீட்டில் என்ன வேலை இருக்கும்? எனக்கு இருந்தது. என் மனைவி நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போக அந்த நாட்டு மொழி படித்தாள். நோயாளியிடம் மரியாதையாகப் பேசிப் பழக ஒரு நோயாளி வேண்டுமே. கட்டிலில்தான் ஒருத்தன் தண்டமாகக் கிடக்கிறானே!

காலையில் திரைச்சீலையை விலக்கி, "குட்டன் மோர்கன்" என்பாள். அடுத்தது, "வீ கேட் எஸ் ஈனன்?" எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தமாம். நன்றி, நலம் என்பதற்கு "டாங்கே, குட்" என்று நான் சொல்ல வேண்டும். முதுகுப் புண் உயிரை எடுத்தாலும் குட்தான். என்னைப் புரட்டுவதற்கு முன்னால், தயவுசெய்து என்பதற்கு "பிட்டே" என்று ஒரு குழைவு. தமிழில் என்றால், "திரும்பித் தொலைங்களேன்!"

மன்னிப்புக் கேட்கிற சொல் மட்டும் அவள் வாயில் நுழையவே இல்லை. என்ட்ஷுல்டிகுங். நடுவிலேயே தடுக்கி விழுவாள். நான் படுத்தபடியே ஒழுங்காகச் சொல்லிக் கேலி செய்வேன். ஈரத்துண்டு முகத்தில் வந்து விழும்.

"நான் போய் ஆறு மாசத்துல உங்களையும் கூப்பிட்டுக்கறேன். அங்க பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு கிடந்தேன். அங்கே போய்த் திருதிருவென்று முழிக்கக் கூடாதென்று, அவள் சத்தம் போட்டுப் படித்ததையெல்லாம் காதில் போட்டுக்கொண்டேன்.

நேர்காணல் செல்போனில் வீடியோ வழியாக நடந்தது. அன்று காலை சுவரிலிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கண்ணாடி வெளிச்சத்தில் மின்னுகிறதாம். நானும் நம்பினேன், மடையன்.

என்னைத் துடைத்து, புரட்டி, சட்டை மாற்றிக் காட்டினாள். அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரி அம்மாளுக்குப் பரம திருப்தி. சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இஸ்ட் தாஸ் ஈர் மான்?"

இவர் உங்கள் கணவரா? எனக்கு ஒப்பிக்கக் கொடுத்த பாடத்தில் இல்லாத கேள்வி. எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாள் என் பெண்டாட்டி.

"நைன். பட்சியென்ட்."

கணவன் இல்லை, நோயாளி. அந்த அம்மாள் என் பக்கம் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்றாள். கத்தியிருந்தால் போதும், இவள் வேலை அங்கேயே மண்ணாகப் போயிருக்கும். ஆனால் இவள் போனால்தானே என்னைக் கூப்பிட முடியும்? அப்போதும் அந்த நப்பாசை.

"டாங்கே, குட்" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. செல்போனை வைத்துவிட்டுச் சின்னப்பிள்ளைபோலக் குதித்தாள்.

"அங்க கூப்பிட்டா என்னை யாருன்னு சொல்லுவே?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுபோயிற்று. "ஏஜென்ட்டுதான் கல்யாணம் ஆகலன்னு எழுதச் சொன்னாரு..."

"அப்ப கூப்பிடப் போறதில்லை. அதானே?"

பக்கத்தில் வந்து தலையணையைச் சரிசெய்தாள். என் கண்ணைப் பார்க்காமல், "என்ட்ஷுல்டிகுங்" என்றாள்.

படுபாவி, அன்றைக்குத்தான் அவளுக்கு அது பிசகில்லாமல் வந்தது.